நீலத் திரையும் 48 இலக்கமும்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம்ம ஊர் பிள்ளைகளுக்கு ஸ்கூல் லீவின் கடைசி வெள்ளி. திங்கள்கிழமை மூன்றாம் டெர்ம் ஆரம்பம். ஆக்லாந்தில் மாலை 4 மணி 9 நிமிடத்துக்கு உலகம் முழுக்க இருக்கும் லட்சக்கணக்கான விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சின்ன கோப்பு போய்ச் சேர ஆரம்பித்தது. அதை வாங்கிய கணினிகள் அப்படியே நின்றன. நீலத் திரை. தானாக ரீஸ்டார்ட் ஆகி, மறுபடியும் நீலத் திரை. இங்கே சில வங்கிகள், சூப்பர்மார்க்கெட்டுகள், வெலிங்டனில் நாடாளுமன்றத்தின் கணினிகள் வரைக்கும் அடிபட்டன. நமக்கு வெள்ளி மாலை என்றால் சென்னையிலும் கொழும்பிலும் காலை 9.39. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் படம் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் கண்டிப்பாகச் சுற்றியிருக்கும்.

அன்றைக்கு ராத்திரி எனக்கு வந்த மெசேஜ்களில் பாதி "மைக்ரோசாஃப்ட் படுத்துடுச்சாமே", மீதி "யாரோ ஹேக் பண்ணிட்டாங்களாமே". இரண்டும் இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க நிறுவனம் பெரிய கம்பெனிகளுக்கு விற்கும் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு டிரைவர்தான் காரணம். மைக்ரோசாஃப்ட் போட்ட கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கருவிகள் விழுந்தன. உலகத்தில் இருக்கும் விண்டோஸ் கணினிகளில் அது ஒரு சதவீதம்கூட இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். வீட்டு லாப்டாப்புகள் பெரும்பாலும் தப்பித்தன. நம்ம வீட்டில் யாரும் கிரவுட்ஸ்ட்ரைக் வாங்கி வைப்பதில்லை.

அப்புறம் எதுக்கு இந்தப் பத்தியில் அதை எடுக்கிறேன் என்றால், அன்றைக்கு விமான நிலையத்தில் நடந்ததும் உங்கள் பிள்ளையின் லாப்டாப்பில் மாதம் ஒரு தடவை நடப்பதும் ஒரே வியாதி. மருந்தும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

டிரைவர் என்றதும் வண்டி ஓட்டுபவர் ஞாபகம் வரும். இங்கே அது ஒரு மொழிபெயர்ப்பாளர் மாதிரி. விண்டோஸுக்கு உங்கள் பிரிண்டரின் பாஷை தெரியாது. வைஃபை சிப்பின் பாஷை தெரியாது. அந்தந்தப் பொருளைச் செய்தவர் ஒரு சின்ன நிரலை எழுதிக் கொடுப்பார். அதுதான் டிரைவர். ஸ்பீக்கர், கேமரா, டச்பேட், கிராஃபிக்ஸ் என்று ஒரு சாதாரண லாப்டாப்பிலேயே நூற்றுக்கு மேல் உட்கார்ந்திருக்கும். அவற்றை எழுதியவர்கள் வேறு வேறு கம்பெனிக்காரர்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததுகூட இல்லாதவர்கள்.

சிக்கல் அவை உட்காரும் இடத்தில்தான். பிரவுசர், வேர்ட், கேம் எல்லாம் விருந்தாளிகள். கூடத்தில் உட்கார வைத்திருப்போம். ஒருத்தர் காபியைக் கொட்டினால் அவரை மட்டும் எழுப்பி அனுப்பிவிடலாம். பெரும்பாலான டிரைவர்கள் அப்படி இல்லை. வீட்டு மெயின் போர்டில் கை வைக்கிற எலெக்ட்ரீஷியன் மாதிரி அவை கெர்னல் என்ற உள்ளறையில் வேலை பார்க்கின்றன. அங்கே ஒரு ஒயரை மாற்றிப் பிடித்தால் ஒரு அறை மட்டும் இருட்டாகாது. வீடே எரியலாம். அதனால்தான் உள்ளறையில் ஏதோ தப்பு என்று தெரிந்த நொடியில் விண்டோஸ் தன் மெயின் சுவிட்சைத் தானே அணைத்துக்கொள்கிறது. நீலத் திரை என்பது அதுதான். உங்கள் ஹார்டு டிஸ்கில் தப்பான எதையாவது எழுதிக் கெடுப்பதைவிட நின்றுவிடுவது மேல் என்று எடுத்த முடிவு. இப்போதைய விண்டோஸ் 11-இல் அந்தத் திரை கறுப்பாக மாறிவிட்டது. எனக்கென்னவோ நீலம்தான் கண்ணில் நிற்கிறது.

கிரவுட்ஸ்ட்ரைக் டிரைவர் எங்கே தப்பு செய்தது என்பதை அந்த நிறுவனமே ஆகஸ்ட் 6 அன்று விரிவாக வெளியிட்டது. என் மாதிரி ஆட்களுக்கு அது படிக்கவே வயிற்றைக் கலக்குகிற ஆவணம். புது வகை விதி ஒன்றில் 21 கட்டங்கள் இருந்தன. அவற்றை நிரப்பி அனுப்ப வேண்டிய நிரல் 20 மட்டுமே அனுப்பியது. அதுவரை வந்த விதிகளில் 21-ஆவது கட்டத்தில் "எதுவானாலும் சரி" என்று போட்டிருந்ததால் யாரும் அந்தக் கட்டத்தை எட்டிப் பார்க்கவில்லை. குறை மாதக் கணக்கில் தூங்கியது. ஜூலை 19 அன்று முதல் முறையாக 21-ஆவதைப் படிக்கச் சொல்லி ஒரு விதி வந்தது. டிரைவர் போய்ப் பார்த்தது. அங்கே அதற்குச் சொந்தமில்லாத நினைவகம். அதைப் படித்ததும் விண்டோஸ் மெயினை அணைத்தது. அந்த டிரைவர் கணினி எழும்பும்போதே முதலில் எழும்பும் வகை என்பதால், ரீஸ்டார்ட் செய்தாலும் அதே குழியில் மறுபடி விழுந்தது.

தப்பான கோப்பை 78 நிமிடத்தில் திரும்ப வாங்கிவிட்டார்கள். நம்ம நேரத்துக்கு 5.27-க்கு எல்லாம் முடிந்தது. ஆனால் விழுந்த கணினிகள் எழ நாள்கணக்கில் ஆனது. ஏன்? நின்றுபோன கணினிக்கு இணையம் வழியாக எதையும் அனுப்ப முடியாது. ஆள் நேரில் போய், சேஃப் மோடில் திறந்து, விண்டோஸின் டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் கிரவுட்ஸ்ட்ரைக் ஃபோல்டரைத் தேடி, 291 என்ற எண் வரும் அந்தக் கோப்பை அழிக்க வேண்டும். அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை.

ஆனால் அந்த இரண்டு நிமிட வேலைக்குள் போக ஒரு கதவு இருந்தது. கம்பெனிக் கணினிகளின் டிஸ்க் பிட்லாக்கர் என்ற பூட்டால் பூட்டப்பட்டிருக்கும். சேஃப் மோடுக்குப் போக முயன்றால் 48 இலக்க எண்ணைக் கேட்கும். அது இருந்தவர்கள் சனிக்கிழமை காலையில் வேலையைத் தொடர்ந்தார்கள். சாவி வைத்திருந்த சர்வரே நீலத் திரையில் நின்றுகொண்டிருந்த இடங்களில் கதையே வேறு. இந்த 48 இலக்கத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருகிறேன்.

நடுவில் நம்ம ஊர்ப் பெருமை ஒன்று. டிரைவர்களால் கணினி விழுவது பழைய தலைவலி. 2003-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியில் பதிவான வீழ்ச்சிகளில் 85 சதவீதம் டிரைவர்களால் என்று சொன்னது. அதே காலத்தில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இரண்டு பேர் வேறு கேள்வி கேட்டார்கள்: டிரைவரை ஓட்டிப் பார்க்காமல், அதன் நிரலை மட்டும் வைத்தே அது விதியை மீறுமா என்று கணித ரீதியாகச் சொல்ல முடியுமா? ஒருவர் தாமஸ் பால். இன்னொருவர் ஸ்ரீராம் ராஜமணி, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். அவர்களின் ஸ்லாம் என்ற திட்டத்திலிருந்துதான் டிரைவர் எழுதுபவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் பல வருஷங்கள் கொடுத்துவந்த ஸ்டாட்டிக் டிரைவர் வெரிஃபையர் என்ற கருவி வந்தது. பூட்டை எடுத்தவன் திருப்பிக் கொடுத்தானா, ஒரே பூட்டை இரண்டு தடவை திறக்கப் பார்க்கிறானா என்கிற மாதிரி விதிகளை அது சோதித்தது. 2011-இல் அவர்கள் இருவருக்கும் அந்தத் துறையின் பெரிய பரிசான கேவ் விருது கிடைத்தது. உங்கள் பிள்ளை கணக்கு எதுக்குப் படிக்கணும் என்று கேட்டால் சொல்ல ஒரு நல்ல பதில்.

அப்படியானால் 2024 எப்படி நடந்தது? கிரவுட்ஸ்ட்ரைக்கின் டிரைவர் மைக்ரோசாஃப்டின் சான்றிதழ் வாங்கியதுதான். ஆனால் அந்த டிரைவர் தினமும் வெளியிலிருந்து வாங்கிப் படிக்கும் விதிக் கோப்பு சான்றிதழுக்கு வெளியே இருந்தது. சமையல்காரரைச் சோதித்தார்கள், அன்றாடம் வந்த காய்கறியைச் சோதிக்கவில்லை.

சரி, நம்ம வீட்டுக்கு வருவோம். மவுண்ட் ராஸ்கிலில் ஒரு நண்பர், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மகள் இயர் 12. லெவல் 2-க்கான டிசைன் போர்ட்ஃபோலியோ முழுவதும் அவள் லாப்டாப்பில். அது ஒரு வாரமாக நின்று நின்று போகிறது. "தம்பி, மதர்போர்ட் பழுதாம் எண்டு கடையில சொல்லுறாங்கள். இல்லையெண்டா எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போடுறதாம். என்ன செய்யிறது?" என்று போன் பண்ணினார். பின்னாலிருந்து மகளின் அழுகைக் குரல் கேட்டது. எதையும் அழிக்க விடாதீங்க அண்ணா, ஞாயிறு வரேன் என்று சொன்னேன்.

அந்தப் பெண் ஒரு நல்ல காரியம் செய்திருந்தாள். நீலத் திரை வரும்போதெல்லாம் போனில் படம் எடுத்திருந்தாள். நாலு படம். நாலிலும் ஒரே ஸ்டாப் கோடு. கீழே "வாட் ஃபெயில்டு" என்ற இடத்தில் ஒரே கோப்பின் பெயர். இதுதான் எனக்கு வேண்டிய பாதி பதில். திரையில் வருவது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கோடாக, வேறு வேறு கோப்பாக இருந்திருந்தால் நான் முதலில் மெமரியைச் சந்தேகப்பட்டிருப்பேன். விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட விட்டிருப்பேன். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் டிரைவர். ஆனால் ஒரு எச்சரிக்கை: அந்த இடத்தில் விண்டோஸின் சொந்த கெர்னல் கோப்பின் பெயர் வந்தால் அதை நம்பிவிடக் கூடாது. பிணம் கிடக்கும் இடம் அது. கொன்றவன் வேறு யாராவதாக இருப்பான்.

இங்கே வந்த பெயர் வைஃபை சிப்பின் டிரைவர். எப்போ நிக்குது என்று கேட்டேன். "அப்பம்மாவோட வீடியோ கால் பேசேக்க, அங்கிள். சும்மா வரையேக்க நிக்கிறேல்ல." கேமராவா வைஃபையா என்று பிரிக்க வேண்டும். வைஃபையை அணைத்துவிட்டு, அவள் போனை யூஎஸ்பி கேபிளில் சொருகி அதன் இணையத்தில் அப்பம்மாவுக்கு வீடியோ கால் போடச் சொன்னேன். முக்கால் மணி நேரம் பேசினார்கள். எனக்கும் கதை சொன்னார் பாட்டி. லாப்டாப் அசையவில்லை. கேமரா நிரபராதி.

அடுத்து ஸ்டார்ட் மெனுவில் "ரிலையபிலிட்டி" என்று தட்டினால் வரும் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி. ஏனோ யாரும் இதைத் திறந்தே பார்ப்பதில்லை. நாள்வாரியாக ஒரு கோடு, விழுந்த நாள்களில் சிவப்புப் புள்ளி. முதல் சிவப்புக்கு முந்தின நாளில் அமைதியாக ஒரு வரி: வைஃபை டிரைவர் புதுப்பிக்கப்பட்டது, வெற்றி. வெற்றியாம்!

மதர்போர்டில் ஒன்றுமில்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் கீழே அந்த வைஃபையை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டிரைவர் டேப், "ரோல் பேக் டிரைவர்". பழைய டிரைவர் திரும்ப வந்தது. விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைத்தேன், இல்லையென்றால் அதே தப்பான டிரைவரை மறுபடி கொண்டுவந்து வைக்கும். பிறகு லாப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான அதைவிடப் புதிய டிரைவர் வந்ததும் போட்டோம். போர்ட்ஃபோலியோ பத்திரமாக இருந்தது. அதை அன்றைக்கே ஒரு பிரதி எடுக்க வைத்தேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சில சமயம் ரோல் பேக் பட்டன் மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கும். பழையது எதுவும் சேமிக்கப்படவில்லை என்று அர்த்தம். அப்போது "அன்இன்ஸ்டால் டிவைஸ்" கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் தன்னிடம் இருப்பதைப் போட்டுக்கொள்ளும். பயப்பட வேண்டாம், உங்கள் கோப்புகளை அது தொடாது.

உள்ளேயே போக முடியாத அளவுக்கு விழுந்துகொண்டே இருந்தால்? லாகின் திரை வரை வந்தால் ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்க. அதுவும் வரவில்லை என்றால், விண்டோஸ் எழும்ப ஆரம்பித்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைங்க. இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் ரிப்பேர் திரை தானே வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். பிறகு 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட். இது என்ன செய்கிறது? அவசியமான டிரைவர்களை மட்டும் உள்ளே விட்டு மற்றவர்களை வாசலில் நிறுத்துகிறது. திரை அசிங்கமாக, பெரிய எழுத்தில் தெரியும்; கிராஃபிக்ஸ் டிரைவரும் வாசலில் நிற்கிறார், அதனால்தான். சேஃப் மோடில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் வாசலில் நிற்பவர்களில் ஒருத்தர்தான் திருடன். சேஃப் மோடிலும் விழுந்தால் மெமரி, டிஸ்க், சூடு என்று வேறு பக்கம் பார்க்கணும். அப்போ கடைக்குக் கொண்டு போறது நியாயம்.

செய்யக் கூடாதது ஒன்று. "உங்கள் டிரைவர்கள் பழையவை, ஒரே கிளிக்கில் எல்லாம் சரி" என்று இலவசமாக வரும் டிரைவர் அப்டேட்டர் மென்பொருள்களைத் தொடாதீங்க. உள்ளறைச் சாவியை ரோட்டில் போகிறவர் கையில் கொடுக்கிற வேலை அது. இன்னொன்று, முக்கியமாக ஊரில் இருக்கும் அப்பா அம்மாவிடம் சொல்ல வேண்டியது: உண்மையான நீலத் திரையில் போன் நம்பர் இருக்காது. நம்பரைக் காட்டி, குரலில் பயமுறுத்தி, "உடனே அழைக்கவும்" என்று சொன்னால் அது பிரவுசருக்குள் வந்த போலிப் பக்கம். மூடிவிட்டால் போதும். 2024 ஜூலையிலும் கிரவுட்ஸ்ட்ரைக் பெயரில் "சரிசெய்யும் கோப்பு" என்று போலி மெயில்கள் அடுத்த நாள்களிலேயே கிளம்பின. எரிகிற வீட்டில் பிடுங்குபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இப்போ அந்த 48 இலக்கம்.

"எங்க வீட்டு லாப்டாப்ல பிட்லாக்கர் எல்லாம் இல்லை" என்று நினைப்பீங்க. விண்டோஸ் 11 வந்த லாப்டாப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டுத் தொடங்கியிருந்தால் பல மாடல்களில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி கீழே "டிவைஸ் என்கிரிப்ஷன்" இருக்கிறதா, ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்க. நல்ல விஷயம்தான், லாப்டாப் திருடு போனால் உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாது. ஆனால் சேஃப் மோடுக்குப் போகும்போது, சில பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு, அது அந்த எண்ணைக் கேட்கலாம். ஆறு ஆறாக எட்டுக் கூட்டம். அது இல்லை என்றால் உங்களையும் திருடனையும் அதற்கு வித்தியாசம் தெரியாது. மைக்ரோசாஃப்டுக்குப் போன் போட்டாலும் புதிதாகச் செய்து தர வழியில்லை. ஏழு வருஷப் பிள்ளைப் படங்கள் உள்ளேயே இருக்கும், பார்க்க முடியாது.

சாவி எங்கே போகிறது என்பதுதான் குடும்பங்களில் வம்பு. முதலில் அந்த லாப்டாப்பை யார் கணக்கில் தொடங்கினார்களோ அந்தக் கணக்கில். பிள்ளையின் லாப்டாப்பை ஸ்கூல் மெயிலில் தொடங்கியிருந்தால் சாவி ஸ்கூலிடம் இருக்கலாம். இயர் 13 முடிந்து அந்த மெயில் மூடப்படுவதற்கு முன்னால் வாங்கி வைக்கணும். உங்கள் கணக்கு என்றால் பிரவுசரில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து டிவைசஸ் பகுதிக்குப் போங்க. ரிகவரி கீ அங்கே இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதி, எந்த லாப்டாப் என்றும் குறித்து, பாஸ்போர்ட் வைக்கிற கவரில் வைங்க. அந்த லாப்டாப்புக்குள்ளேயே ஒரு கோப்பாக வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்; பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டுகிற மாதிரி.

ஊரில் இன்னொரு சிக்கல். மதுரையில் என் அப்பாவின் லாப்டாப்பைக் கடையிலேயே தொடங்கிக் கொடுத்திருந்தார்கள், கடைப் பையனின் மெயிலில். பையன் இப்போ அங்கே வேலையில் இல்லை. டிஸ்க் பூட்டியிருந்தது, சாவி யாரோ ஒருத்தர் மெயிலில். லாப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்டுபிடித்ததால் பிழைத்தோம். உள்ளே இருக்கும்போது பூட்டை எடுத்துவிட்டு, அப்பா கணக்கில் மாற்றி, மறுபடி பூட்டலாம். ஒரு ஞாயிறு இரவு, அங்கே மதியம், வீடியோ காலில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஆனது. புது எண்ணை அப்பா ஆறு ஆறாகப் படித்தார், அம்மா மாதக் காலண்டரின் பின்பக்கம் எழுதினார். நான் இங்கே ஒரு பிரதி எழுதிக்கொண்டேன். நாலாவது கூட்டத்தில் மூன்றா எட்டா என்று இரண்டு பேருக்கும் சண்டை. கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்ததில் எட்டு.